கோவிலுக்குப் புதியவர்களைவிட நாம்தான் அதிகம் தவறு செய்கிறோம்

கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோவில் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி, செருப்பை எங்கே விடுவது, தோளை மூட வேண்டுமா, படம் எடுக்கலாமா என்று ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். நாம் கேட்பதில்லை. பிறந்ததிலிருந்து வருகிறோம், நமக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

முதல் தவறு வாசலிலேயே நடக்கிறது. 75 அடி உயர ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நுழைந்துவிடுகிறோம். ஆகம மரபில் கோவில் என்பது படுத்திருக்கும் மனித உடல். கருவறை தலை, கோபுரம் பாதம். அதனால்தான் பெரியவர்கள் கோபுரத்தைப் பார்த்ததும் கை கூப்புகிறார்கள். உள்ளே போனதும் பிள்ளையாரை விட்டுவிட்டு நேரே அம்மனிடம் ஓடுவது அடுத்தது. அவசரம் என்றாலும் பிள்ளையாருக்கு ஒரு குட்டு, ஒரு தோப்புக்கரணம் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் நானே மாட்டியிருக்கிறேன். அக்கா மகனுக்குப் பிறந்தநாள். பெயர் சொல்லியாயிற்று, நட்சத்திரம் தெரியவில்லை. பின்னால் பதினைந்து பேர் நிற்க, அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா, "இரு, டைரியைப் பார்க்கிறேன்" என்று போனவர் திரும்பி வரவே இல்லை. பின்னால் நின்ற ஒரு பாட்டிதான், "சாமி பேருக்கே பண்ணச் சொல்லுப்பா" என்றார். நட்சத்திரம் தெரியாவிட்டால் அதுதான் வழி. வீட்டில் எல்லாருடைய நட்சத்திரத்தையும் போனில் எழுதி வைத்துவிட்டால் இந்தப் பாடு வேண்டாம்.

அடுத்தது விபூதி, குங்குமம். எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இதுதான். நான் வழக்கமாகப் போகும் கோவிலில் ஒரு தூண் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் வெள்ளையும் சிவப்புமாக, விரல் தடம் விரல் தடமாக ஒரு திட்டு. நெற்றியில் இட்டது போக மிச்சத்தை அங்கே தடவிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். இடது கையைக் கீழே தாங்கி, வலது கையில் வாங்க வேண்டும். இடது உள்ளங்கையில் கொட்டிக் குழைக்கக் கூடாது. மிச்சத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மடித்த பொட்டலத்தைத் துணியோடு வாஷிங் மெஷினில் போடுவது தனிக் கதை.

திரை போட்டிருக்கும்போது உள்ளே அலங்காரமோ நைவேத்தியமோ நடக்கிறது. அந்த நேரத்தில் விழுந்து கும்பிடுவதும் வலம் வருவதும் வழக்கம் இல்லை, சற்றுக் காத்திருங்கள். விழுந்து வணங்குவதென்றால் கொடிமரத்துக்குப் பின்னால். உள்ளே ஒவ்வொரு சன்னிதி முன்பும் விழுந்தால், கால் இன்னொரு சாமியை நோக்கி நீளும். ஆண்களுக்கு எட்டு அங்கம் தரையில் படும் அஷ்டாங்கம், பெண்களுக்கு ஐந்து அங்கம் படும் பஞ்சாங்கம். மூலவரைப் படம் எடுப்பதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும், தெரிந்தே எடுக்கிறார்கள்.

வரலாற்றிலும் ஒரு பிசகு உண்டு. கோபுரத்தைக் காட்டி, "நூற்றைம்பது வருசக் கோபுரம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கோவில்தான் 1873-இல் அந்நாளைய தமிழர் தலைவர் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது. அதுவும் முதலில் குடும்பக் கோவிலாக. இந்த இடத்துக்கு வந்தது 1885-இல். கோபுரம் எழும்பியது 1968-இல். மலாயாத் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வந்தவர்கள் அம்மை நோய்க்கும் காய்ச்சலுக்கும் பயந்து மாரியம்மனைக் கூடவே கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் கோபுரத்தின் வயதைக் கூட்டிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் தைப்பூசம். முருகனின் வெள்ளி ரதம் பத்துமலைக் குகைக் கோவிலுக்குப் புறப்படுவது இங்கிருந்துதான், அண்மை ஆண்டுகளில் தைப்பூசத்துக்கு இரண்டு நாளுக்கு முந்தைய இரவில். அன்று மாலை காரை எடுத்துக்கொண்டு, நிம்மதியாக ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று கிளம்பாதீர்கள். பசார் செனி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடம்தான்.