ஒரு பிங்க் ஆட்டம் நடத்துவதென்றால்

ஒக்ரோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். அது நெருங்கினால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பக்கத்துப் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாசிரியை, கிண்ணியாவில் இருந்து ஒரு சேர், மூதூரில் இருந்து என் பழைய மாணவி ஒருத்தி (அவளும் இப்போது ரீச்சர்). எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், வலைப்பந்தில பிங்க் மெச் வைச்சீங்களே, ரீசேட் எங்க அடிச்சீங்க?" பிங்க் மெச் என்றால் அந்த நோயைப் பற்றிச் சனத்துக்குச் சொல்வதற்காகப் பிங்க் நிறத்தோடு ஆடும் ஆட்டம். ரீசேட்டை விடுங்கள் என்றுதான் நான் தொடங்குவேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆட்டம் பார்க்க வந்தவர் வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும்? முதலில் இதை முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு காரியம், அதுவும் ஒரு வசனத்துக்குள் அடங்க வேண்டும். "மார்பகப் புற்றுநோய் பற்றி விழிப்புணர்வு பெற வேண்டும்" என்று எழுதினால் ஒருவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. நாங்கள் எழுதியது இது: "முப்பத்தைந்து வயது தாண்டிய அம்மாமார் தங்கள் பகுதியில் வெல் வுமன் கிளினிக் எந்தக் கிழமை, எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்." இந்தக் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கியவை. காசு கேட்பதில்லை. மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துக்கான பரிசோதனை, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் பலர் கிளினிக் என்றால் கர்ப்பிணிகளுக்கு என்றே நினைத்திருந்தார்கள். அந்த வசனம் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

சிட்னியில் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கும் பிங்க் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தைப் பாருங்கள். அவுஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ராத்தின் மனைவி ஜேன் 2008 இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். 2009 இல் அந்த ஆட்டம் தொடங்கியது. மூன்றாம் நாளில் அரங்கம் முழுக்க பிங்க் நிறமாக இருக்கும். சேரும் காசு எங்கே போகிறது என்று கேட்டால் அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும்: நோயாளிகளுக்குத் துணை நிற்கும் தாதிமாருக்கு. தொப்பியும் நிறமும் பிறகு வந்தவை. எங்கள் ஊர்ப் பாடசாலைகள் பல தொப்பியை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகின்றன.

நாள் குறிப்பதுதான் உண்மையான தலையிடி. ஒக்ரோபரில் எங்கள் திருகோணமலையில் பின்னேரம் இடி மின்னலோடு மழை கொட்டக்கூடும். ஆகவே காலையில்தான் வைக்க வேண்டும். நவராத்திரி அந்தப் பக்கம் விழுந்தால் வாணி விழாவுக்குப் பிள்ளைகள் நடனப் பயிற்சியில் இருப்பார்கள். அணியில் பாதி காணாமல் போய்விடும். கிண்ணியா, மூதூர் அணிகளை அழைத்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம். ஞாயிறு அறநெறி வகுப்பும் தேவாலயமும். சனிக்கிழமை காலைதான் மிச்சம், அது ரியூசன்காரர்களின் சொத்து. நான் நேரே அந்த ரியூசன் சேரிடம் போனேன். "சேர், ஒரு சனிக்கிழமை மட்டும் காலை வகுப்பைப் பின்னேரத்துக்கு மாத்தித் தருவீங்களா? உங்கட வகுப்புப் பிள்ளையள்தான் ஆடுறது" என்று கேட்டதும் அவர் நாட்காட்டியை எடுத்தார். அதோடு நிற்காமல் அன்று குடும்பத்தோடு வந்து முன்வரிசையிலும் இருந்தார். பெரிய அதிகாரிகளைக் கேட்பதற்கு முன் ரியூசன் சேரைக் கேளுங்கள் என்பது என் கட்சி.

கடிதங்களில் முதலாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போக வேண்டும். குடும்பநல மாது அக்காவுக்கு (எங்கள் பகுதியின் அரச மருத்துவிச்சி) கிளினிக் இல்லாத காலை எது என்று தெரிந்த பிறகே மைதானத்தைக் கேளுங்கள். அதிபரின் எழுத்து அனுமதி, வலயக் கல்விப் பணிமனைக்குப் பிரதி, பெற்றோர் கையொப்பம், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எல்லாம் வழக்கம்போல. மெக்கெய்சர் மைதானம் போலப் பெரிய இடம் கிடைத்தால் நல்லது என்று பழைய மாணவர் சங்கத்தார் சொல்வார்கள். எனக்குப் பாடசாலை முற்றமே போதும். சின்ன இடத்தில் கொஞ்சப் பேர் வந்தாலும் நிறைந்த மாதிரி இருக்கும். பேசுகிறவரின் முகமும் தெரியும்.

இன்னொன்று, வலய மட்டப் போட்டியில் இதைச் செருக வேண்டாம். அங்கே சீருடை, நேரம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. சிநேகபூர்வ ஆட்டம் என்றால் இடைவேளையைப் பதினைந்து நிமிடமாக நீட்டலாம், நடுவரும் முகம் சுளிக்கமாட்டார். எதிர் அணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சரி.

இனி நிறம். இரண்டு அணியும் பிங்க் உடுத்தினால் யார் யாரென்று நடுவருக்குத் தெரியாது. படத்துக்கு அழகாக இருக்கும், ஆட்டத்துக்கு உதவாது. வலைப்பந்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: எல்லோரும் தாங்கள் ஆடும் நிலையின் எழுத்துப் போட்ட பிப்பை (உடுப்புக்கு மேல் போடும் துணி) அணிகிறார்கள். ஏழு பிப் தைத்தால் ஒரு அணி முடிந்தது. மத்திய வீதிப் புடவைக்கடையில் துணி வாங்கி, எங்கள் சென்டர் பிள்ளையின் அம்மா தன் மெசினில் தைத்துத் தந்தார். எழுத்து கடும் நீலத்தில் இருக்கட்டும். பிங்கில் வெள்ளை எழுத்து வெயிலில் தெரியாது. எதிர் அணி தன் சொந்த பிப்போடு ஆட, இரண்டு அணிப் பிள்ளைகளும் பின்னலில் பிங்க் றிபன் கட்டினார்கள். எப்படியும் றிபன் கட்டித்தான் பாடசாலைக்கு வருகிறார்கள், நிறம் மட்டும் மாறியது. பார்வையாளருக்கு நெஞ்சில் குத்தும் றிபனுக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் வேண்டும். ஒரு மீற்றரில் ஆறு வரும், இருநூறு பேருக்கு முப்பத்துநான்கு மீற்றர் வாங்குங்கள். வெட்டிய நுனியை மெழுகுதிரிச் சுடரில் ஒரு கணம் காட்டினால் நூல் பிரியாது. ஆடுகிற பிள்ளைகளின் உடையில் சேஃப்டி பின் குத்தவே கூடாது. பந்துக்குப் பாய்ந்து மோதும்போது அது திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உதைபந்தாட்டம் என்றால் பிங்க் சப்பாத்து நாடா போதும், மலிவும்கூட.

ஆண் பிள்ளைகள் பிங்க் கட்டமாட்டார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். எங்கள் உதைபந்துப் பெடியள் கேட்டது: "மிஸ், எங்களுக்கும் பிங்க் கலரோ?" ஆண்களுக்கும் இந்தப் புற்றுநோய் வரும், அரிது, ஆனால் வரும் என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவர்களே நாடா கேட்டு வந்தார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆடுகிற பிள்ளைகளுக்கே விசயம் தெரியாமல் ஆடினால் அது வெறும் உடுப்புப் போட்டி. விரிவுரை வைத்தேன் என்றால் தூங்கிவிடுவார்கள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் மூன்று செக்கனுக்குள் விட வேண்டும். அதையே பயிற்சியாக்கினேன். வட்டமாக நின்று பந்தை வீசுவார்கள். பிடிப்பவள் விடுவதற்குள் ஓர் அறிகுறி சொல்ல வேண்டும். "கட்டி!" "தோல் குழி விழுதல்!" "காம்பு உள்ளே இழுபடுதல்!" "கசிவு!" "அக்குள் வீக்கம்!" முன்னவள் சொன்னதையே சொன்னால் வெளியே. முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பந்து கையிலேயே நின்றது. பிறகு சிரிப்பு போய் வேகம் வந்தது. நான் கடைசியில் சேர்த்தது ஒரு விசயம்: நோகாத கட்டியையும் காட்ட வேண்டும். நோகவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள்தான் பிந்தி வருகிறார்கள். இதை வீட்டில் அம்மம்மாவுக்குச் சொல்லிவிட்டு வா என்பதுதான் வீட்டுவேலை.

அப்படிப் பழகியது மைக் முன்னால் உதவியது. அறிவிப்பாளராக ஒரு பிள்ளையின் மாமா வந்திருந்தார். நல்ல குரல், கோயில் திருவிழாக்களில் அறிவிப்பவர். ஆனால் நோயின் பெயர் வரும் இடமெல்லாம் "பெண்களுக்கு வருகிற அந்த வருத்தம்" என்று தாண்டித் தாண்டிப் போனார். முதல் கால்பகுதி முடிந்ததும் எங்கள் கோல் கீப்பர், பன்னிரண்டாம் தரத்துப் பிள்ளை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே போய், "மாமா, மைக்கைத் தாங்கோ" என்று வாங்கினாள். "மார்பகப் புற்றுநோய். பேரைச் சொன்னா வராது, எல்லாரும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றாள். ஒரு கணம் சத்தமில்லை. முன்வரிசையில் ஓர் அம்மம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க, அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், பிறகு கொட்டகை முழுக்கச் சொன்னது. அந்த மாமாவும் சொன்னார். ஆகவே என் யோசனை, மைக்கை அணிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரியவர்களுக்கு வெட்கம் அதிகம்.

பிரதம விருந்தினர் விசயத்தில் நான் பிடிவாதக்காரி. மாலை, பொன்னாடை, மங்கள விளக்கு, ஆளுக்குப் பத்து நிமிட உரை என்று போனால் வெயில் ஏறிவிடும், அம்மாமார் சமையலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். ஆசை நியாயம்தான், ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் ஆடியவர். ஆனால் அன்று எங்கள் பிரதம விருந்தினர் குடும்பநல மாது அக்கா. இடைவேளையில் ஐந்து நிமிடம் அவர் பேசினார். பிறகு வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டுக்கொடுத்தோம். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி இருக்கும்படி கதிரையைத் திருப்பிப் போடுங்கள். யார் போய்க் கதைக்கிறார் என்று முகம் தெரியாமல் இருந்தால்தான் பெண்கள் போவார்கள். கிளினிக் நடக்கும் கிழமையும் இடமும் அச்சடித்த சின்னத் துண்டு ஒவ்வொருவர் கையிலும் போகட்டும். அதை றிபனோடு சேர்த்தே குத்திக் கொடுத்துவிடலாம்.

நோயில் இருந்து மீண்டவரை மேடையில் ஏற்றிப் பேசவைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அவராக முன்வந்தால் வேறு கதை. அணியில் ஒரு பிள்ளையின் தாய்க்கு இருக்கிறது என்று தெரிந்தாலும் அவளைப் பேசச் சொல்லக் கூடாது. நாங்கள் ஒரு பலகையில் அட்டைகள் ஒட்டினோம்: "நான் ஆடுவது … க்காக." பெயர் எழுத வேண்டாம், உறவு மட்டும் என்று சொன்னோம். பெரியம்மாவுக்காக, அம்மம்மாவுக்காக, எங்கள் வீதி அக்காவுக்காக. யாருடைய வீட்டு விசயமும் வெளியே வரவில்லை.

காசு சேர்ப்பதா என்று கேட்டால், முதல் ஆட்டத்தில் வேண்டாம் என்பேன். விழிப்புணர்வும் காசும் ஒன்றாக வந்தால் சனம் காசைத்தான் பேசும். சேர்ப்பதென்றால் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பூட்டிய பெட்டி, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பற்றுச்சீட்டு. ஆட்டம் முடிந்ததும் அங்கேயே மேசையில் கொட்டி, இரண்டு அணியில் இருந்தும் ஒவ்வொரு பெற்றோர் எண்ணி, மைக்கில் தொகையைச் சொல்லிவிடுங்கள். வைத்தியசாலைக்குப் பொருளாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் என்ன தேவை என்று பணிப்பாளர் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். கேட்காமல் வாங்கிய பொருள் அலுமாரிக்குள் கிடக்கும்.

ஒக்ரோபர்தான் என்று ஒன்றுமில்லை. யூன் 14 குருதிக் கொடையாளர் நாள். பிள்ளைகள் குருதி கொடுக்க முடியாது, பதினெட்டு வயது வேண்டும், ஐம்பது கிலோ நிறையும் வேண்டும். ஆனால் பெற்றோரும் பழைய மாணவரும் கொடுக்கலாம். எங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலை இரத்த வங்கியிடம் முன்கூட்டியே நாள் கேளுங்கள். பழைய மாணவர் அணி ஆடுவதென்றால் ஆடுகிறவர்கள் அன்று கொடுக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் அந்த வெயிலில் ஆடிவிட்டு வந்து படுத்தால் மயங்கிவிடுவார்கள். யூலை 25 நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாள். கடலோடு வாழும் ஊரில், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் பிள்ளைகள் குளிக்கப் போகும் ஊரில், அதற்கு ஏன் ஒருவரும் ஆட்டம் வைப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நீல நாடா, தண்ணீரில் தத்தளிப்பவருக்குக் கயிறு எறிந்து காட்டும் ஒரு செய்முறை, போதும். மழைக்கு முன்னால் டெங்குவுக்கும் வைக்கலாம். 2017 இல் கிண்ணியா பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். பார்க்க வருகிறவர்கள் தங்கள் வளவில் கிடந்த சிரட்டை, பழைய யோகட் கோப்பைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே வரட்டும், அதுதான் நுழைவுச்சீட்டு.

ஆட்டம் முடிந்த அன்றே பிப்களைத் தனியாகக் கழுவுங்கள், பிங்க் சாயம் போகும், வெள்ளைச் சீருடையோடு போட்டால் பெற்றோர் உங்களைத் தேடி வருவார்கள். எதிர் அணிக்கும் ரியூசன் சேருக்கும் நன்றிக் கடிதம் பிள்ளைகளே எழுதட்டும். ஒரு மாதம் கழித்து அக்காவிடம் போய், கிளினிக்குக்கு வழமையை விடக் கூட ஆட்கள் வந்தார்களா என்று மட்டும் கேளுங்கள். பெயர் கேட்க வேண்டாம், அவர் சொல்லவும் மாட்டார். வரவில்லை என்றால் அந்தத் துண்டை எடுத்துப் பாருங்கள்: கிழமை தப்பா, இடம் விளங்கவில்லையா, பஸ் இல்லாத நேரமா. அடுத்த வருடத்துக்கு முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.