ஏர்பேக் விளக்கு அணையவில்லையா?

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் சிஸ்டம் எங்கோ கோளாறு கண்டிருக்கிறது. மோதல் நேர்ந்தால் பை விரியாமலே போகலாம். தள்ளிப்போடாதீர்கள்.

பெரும்பாலும் குற்றவாளி முன் சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர்தான். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த வயர் இழுபட்டு, கனெக்டரின் ஊசி (pin) தளர்ந்துவிடும். அடுத்தது ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயர் நாடாவான கிளாக் ஸ்பிரிங். அது அறுந்தால் ஹாரனும் சேர்ந்து ஊமையாகும். நல்ல துப்பு இது.

கனெக்டரைத் தொடுமுன் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரி இல்லாமலும் அது பையை வெடிக்க வைக்கலாம். பிறகு கனெக்டரைக் கழற்றி, தூசு துடைத்து, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.

மல்டிமீட்டரை மட்டும் ஏர்பேக் முனையில் வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே பையை விரிக்கும் தீமூட்டியைப் பற்றவைக்கலாம். பையோ சுமார் 30 மில்லிசெகண்டில் முழுதாக விரிந்துவிடும். முகத்தை விலக்க நேரமிருக்காது.

பேட்டரியை மீண்டும் இணைத்த பிறகும் விளக்கு எரிந்தால் மெக்கானிக்கிடம் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள்.