ஒபீடியன்ஸ் போட்டிக்கு நாயைப் பழக்குவது எப்படி? இடது இடுப்பிலிருந்து தொடங்குவோம்

உட்காரு என்றால் உட்காரும், கைகொடு என்றால் கைகொடுக்கும். இவ்வளவு தெரிந்த நாயைக் கூட்டிக்கொண்டு ஒபீடியன்ஸ் போட்டிக்கு, அதாவது நாய் கட்டளைக்குக் கீழ்ப்படிவதைச் சோதிக்கும் போட்டிக்கு, போகலாமா என்று கேட்பவர்கள் நிறைய. தாராளமாகப் போகலாம். ஆனால் நாய் எந்த இடத்தில் உட்கார்ந்தது, நேராக உட்கார்ந்ததா, எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதையெல்லாம் நடுவர் குறித்துக்கொண்டே இருப்பார். வீட்டில் நாம் கண்டுகொள்ளாத கோணலுக்கு அங்கே மதிப்பெண் போகும்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு 1933இல் தொடங்கியது. பூடில் நாய்கள் வளர்த்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி, தம் நாய்கள் அழகுப் பொம்மைகள் அல்ல என்று காட்டுவதற்காக நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவில் முதல் சோதனையை நடத்தினார். 1936இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதற்கு விதிகள் வகுத்தது. நம் ஊரில் எம்.கே.ஏ. என்று அழைக்கப்படும் மலேசியன் கென்னல் அசோசியேஷன், பெல்ஜியத்தில் தலைமையகம் உள்ள எஃப்.சி.ஐ. என்ற அனைத்துலக நாய்ச் சங்கக் கூட்டமைப்போடு இணைந்தது. நடத்துபவர்களைப் பொறுத்து விதிகள் மாறும். எனவே பெயர் கொடுப்பதற்கு முன்பே அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு அமெரிக்கன் கென்னல் கிளப்பின் நோவிஸ் வகுப்பை, அதாவது புதிதாகப் போட்டியிடுபவர்களுக்கான தொடக்க நிலையை, எடுத்துக்கொள்வோம். மொத்தம் 200 மதிப்பெண். வாருடன் ஒட்டி நடப்பதற்கும் எட்டு வடிவ நடைக்கும் சேர்த்து 40, வார் இல்லாமல் நடக்க 40, நடுவர் தொட்டுப் பார்க்கும்போது அசையாமல் நிற்க 30, கூப்பிட்டால் வர 30, இருந்த இடத்தில் இருக்கும் இரண்டு பயிற்சிகளுக்கு 60. தேறுவதற்கு 170 வேண்டும், அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். நடைக்கு மட்டுமே 80 போகிறது பாருங்கள். மற்ற பயிற்சிகளும் பெரும்பாலும் நாய் நம் இடது பக்கத்தில் இருக்கும்போதுதான் தொடங்குகின்றன, அங்கேயே முடிகின்றன. அந்த ஓர் இடத்தை நாய்க்குப் புரியவைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதனால் மூன்றாம் படியில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

படி 1: இடமும் நேரமும்

கோலாலம்பூர் வெயிலில் பகல் பயிற்சி வேண்டவே வேண்டாம். காலை ஏழு மணி, இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய் என்றால் இன்னும் கவனம் தேவை, சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும்.

ஆரம்பத்தில் வீட்டுக் கூடமும் கார் நிறுத்தும் போர்ச்சும் போதும். மொசைக் தரை வழுக்கும், ஒரு ரப்பர் பாயை விரித்துக்கொள்ளுங்கள். வெளியே என்றால் கே.எல்.சி.சி. பூங்காவில் நாய்க்கு அனுமதி இல்லை. டேசா பார்க்சிட்டியின் சென்ட்ரல் பார்க்குக்கு வாரோடு கூட்டிப் போகலாம், ஞாயிறு மாலைகளில் அங்கே மனிதர்களுக்குச் சமமாக நாய்களும் நடக்கும். தாமான் திடலில் பயிற்சி செய்தால், நாயைத் தொடக்கூடாத அண்டை வீட்டார் வரும் பாதையிலிருந்து தள்ளி நில்லுங்கள். நகராண்மைக் கழக உரிமம், தடுப்பூசி அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். 2015இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் பக்கம் வெறிநோய் தலைகாட்டிய பிறகு யாரும் அட்டையைக் கேட்கலாம், கேட்பது நியாயமும்கூட.

படி 2: தீனியும் அடையாளச் சொல்லும்

நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்தை அதற்குக் காட்டிக்கொடுக்க ஒரு சின்னச் சத்தம் வேண்டும். அழுத்தினால் ‘கிளிக்’ என்று சத்தம் போடும் கிளிக்கர் வாங்கலாம், அல்லது ‘யெஸ்’ என்ற ஒரு சொல் போதும். சத்தம் வந்தால் தீனி வரும், அவ்வளவுதான் ஒப்பந்தம். முதலில் நாய் இல்லாமல் நீங்கள் பழகுங்கள்: யாரையாவது பந்தைக் கீழே போடச் சொல்லி, அது தரையைத் தொடும் அதே கணத்தில் ‘யெஸ்’ சொல்லிப் பாருங்கள். நாம் எவ்வளவு தாமதம் என்பது அப்போது தெரியும்.

தீனிக்கு உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சுக்கறி, பட்டாணி அளவுத் துண்டுகள். முந்திய நாள் வாங்கிய நாசி கண்டார் கோழியைக் கழுவிக் கொடுக்கலாமே என்று யோசிக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம், குழம்பில் ஊறியது கழுவினால் போகாது. திராட்சை, சாக்லெட் இரண்டும் அப்படித்தான்.

கட்டளைச் சொற்களை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பாட்டி ‘உக்காரு’ என்றும் தம்பி ‘சிட்’ என்றும் சொன்னால் குழப்பம் நாய்க்குத்தான். தமிழோ ஆங்கிலமோ மலாயோ, ஒரு செயலுக்கு ஒரே சொல்.

படி 3: இடது இடுப்பு

விதிப்படி நாயின் தலையிலிருந்து தோள் வரையுள்ள பகுதி உங்கள் இடது இடுப்புக்கு நேராக இருக்க வேண்டும். உடம்பு நீங்கள் பார்க்கும் திசையிலேயே நேராக இருக்க வேண்டும். பெரும்பாலான நாய்கள் தலையைச் சரியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்பாகத்தை வெளியே தள்ளி உட்காரும். காரணம், தனக்குப் பின்னங்கால்கள் இருப்பதை அது அதிகம் யோசிப்பதில்லை. முன்கால் போன இடத்துக்குப் பின்கால் தானாக வரும் என்ற நினைப்பு. ஆகவே பின்னங்கால்களுக்குத்தான் முதலில் பாடம்.

ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் கனமான ரப்பர் பேசினைக் கவிழ்த்துப் போடுங்கள். நாயின் முன்னங்கால் இரண்டும் தாராளமாக நிற்கும் அகலம், ஒரு சாண் உயரத்துக்கும் குறைவு. பிளாஸ்டிக் என்றால் மேலே வழுக்காத பாய்த்துண்டு ஒன்றை ஒட்டுங்கள், ஒருமுறை வழுக்கினால் அப்புறம் கிட்டவே வராது.

தீனியை மூக்குக்கு முன் காட்டி மேலே ஏற்றுங்கள். முன்கால்கள் ஏறியதும் ‘யெஸ்’, மேலே நிற்கும்போதே தீனி. பேசினைக் கண்டதும் தானாக ஓடிப்போய் ஏறும்வரை இது மட்டும்தான். அடுத்து நாயின் முகத்துக்கு எதிரே நின்று, நீங்கள் ஓர் அடி பக்கவாட்டில் நகருங்கள். முகம் உங்களைத் தொடரும், கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் ஒன்று தூக்கி வைக்கும். அந்த ஒரு கால் தூக்கலுக்குத்தான் ‘யெஸ்’. முழு வட்டம் சுற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள். நகர்ந்தால் காசு என்று புரிந்ததும் அதுவே சுற்ற ஆரம்பிக்கும், சில நாய்கள் ஆட்டமே போடும்.

இரு திசைகளிலும் சுற்ற வந்ததும், நாயின் வலப்பக்கம் வந்து, அது பார்க்கும் திசையையே பார்த்து நில்லுங்கள். இப்போது அது உங்கள் இடது பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் மெதுவாக இடப்பக்கம் திரும்பினால், அதன் பின்பாகம் உங்களை நோக்கி ஒட்டி வர வேண்டும். ஒட்டிய கணத்தில் ‘யெஸ்’. கால்வட்டம், அரைவட்டம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். தப்பாமல் செய்யும்போதுதான், இடது பக்கம் ஒட்டி இரு என்பதற்கான ‘ஹீல்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், அதற்கு முன் அல்ல. பிறகு பேசினுக்குப் பதில் மெல்லிய பாய், கடைசியில் வெறும் தரை.

தீனி கொடுக்கும் கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டிக் கொடுத்தால், நாய் அந்தக் கையைப் பார்க்க முன்னே வந்து உள்பக்கம் வளையும், பின்பாகம் வெளியே போகும். நீங்களே கோணலுக்குச் சம்பளம் கொடுத்த கதைதான். இடது கையால், கால்சட்டையின் இடது தையலை ஒட்டி, நாயின் வாய் இருக்க வேண்டிய இடத்திலேயே கொடுங்கள். என்னைக் கேட்டால், முதல் மாதம் முழுவதும் இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே போதும்.

படி 4: ஓர் அடி, அப்புறம் இரண்டு

இடது காலை எடுத்து வைத்து ஓர் அடி. கூடவே வந்து ஒட்டினால் ‘யெஸ்’. அப்புறம் இரண்டு அடி, மூன்று. பத்து அடி தளர்வாக நடப்பதைவிட இரண்டு அடி துல்லியமாக நடப்பது மேல். வார் தொங்கலாக இருக்க வேண்டும், இறுகினால் மதிப்பெண் போகும். நின்றதும் சொல்லாமலே உட்கார வேண்டும். மெதுநடை, விரைவு நடை, வலம், இடம், பின்னால் திரும்புதல் எல்லாம் போட்டியில் வரும். திரும்பும் இடத்தில் உங்கள் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வடிவத்துக்குப் போட்டியில் இரண்டு பேர் சுமார் 8 அடி இடைவெளியில் நிற்பார்கள். வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போதும். இடப்பக்கம் வளையும்போது நாய் உள்வட்டத்தில் இருப்பதால் வேகத்தைக் குறைக்க வேண்டும், வலப்பக்கம் வளையும்போது கூட்ட வேண்டும். மாற வேண்டியது அதன் வேகம், உங்களுடையது அல்ல.

படி 5: இருந்த இடத்தில் இருப்பது

நேரம், தூரம், தொந்தரவு. இந்த மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். தூரம் கூடினால் நேரத்தைக் குறையுங்கள். எழுந்துவிட்டால் திட்டாமல் பழைய இடத்தில் உட்காரவைத்து, பாதி நேரத்தில் மறுபடி. தீனியை நீங்கள் திரும்பி வந்து, அது உட்கார்ந்திருக்கும்போதே கொடுங்கள். அங்கிருந்து கூப்பிட்டுக் கொடுத்தால் எழுந்து வருவதற்குக் கொடுத்ததாக ஆகிவிடும்.

படி 6: கூப்பிட்டால் வருவது

‘வா’ என்ற சொல்லை நாள் முழுக்க வீட்டில் நாயிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், அதற்கு மதிப்பில்லை. போட்டிக்கு வேறு ஒரு சொல்லை ஒதுக்கிவையுங்கள். அதைச் சொன்னால் எப்போதும் நல்லது மட்டுமே நடக்க வேண்டும். குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் அந்தச் சொல்லால் கூப்பிடாதீர்கள்.

நோவிஸ் வகுப்பில் சுமார் 30 அடி தூரத்திலிருந்து முதல் அழைப்பிலேயே வர வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட்டால் அந்தச் சுற்றில் தேற முடியாது. வந்து உங்கள் முன்னால் நேராக, நீங்கள் காலை நகர்த்தாமல் அதன் தலையைத் தொடும் நெருக்கத்தில் உட்கார வேண்டும். பிறகு இன்னொரு கட்டளைக்கு இடது பக்கம் போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனியே பழக்குங்கள். எப்போதும் சேர்த்தே செய்தால், புத்திசாலி நாய் முன்னால் உட்காருவதை விட்டுவிட்டு நேரே பக்கத்துக்குப் போய்விடும்.

படி 7: அந்நியர் கை

நாயை நிற்கவைத்து, நீங்கள் ஆறடி தள்ளி நிற்க, நடுவர் வந்து தலை, உடல், பின்பாகம் என்று தொடுவார். வார் இருக்காது. பழக்கமான நண்பரில் தொடங்கி, தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், உயரமானவர் என்று ஆளை மாற்றுங்கள். நாய் வளர்ப்பவர்களையே கேளுங்கள். தயக்கத்தோடு நீளும் கை நாயையும் தயங்கவைக்கும்.

படி 8: தீனி இல்லாத வட்டம்

போட்டி வட்டத்துக்குள் தீனியோ பொம்மையோ கொண்டுபோகக் கூடாது. கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் நாய் அங்கே முழிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம், பையில் கோழி இல்லை என்பது அதற்குத் தெரியும். ஆகவே தீனியைப் பையிலிருந்து எடுத்து, சற்றுத் தள்ளி ஒரு மேசைமேல் மூடிய டப்பாவில் வையுங்கள். இரண்டு பயிற்சி செய்துவிட்டு இருவரும் ஓடிப்போய் டப்பாவைத் திறக்க வேண்டும். பிறகு மூன்று, நான்கு, கடைசியில் முழுச் சுற்று. நடுநடுவே வாய்நிறையப் பாராட்டுங்கள். போட்டியிலும் ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் பாராட்ட அனுமதி உண்டு.

இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். கடைவரிசையின் ஐந்தடிப் பாதை, பேரங்காடிக் கார் நிறுத்துமிடத்தின் ஓரம், பாசார் மாலாம் கடைகள் விரிக்கும் சத்தம் எட்டும் தூரம். புது இடத்தில் நாய் கொஞ்சம் மக்காகத் தெரிவது இயல்பு. இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு வெடிச்சத்தம் கேட்கும் வாரங்களில் பயிற்சியை விட்டுவிடுவதே நல்லது.

போட்டி நாளன்று

சீக்கிரம் போங்கள். தண்ணீர், மின்விசிறி, நிழலுக்கு ஒரு பெரிய குடை. எஞ்சினை அணைத்த காரில் நாயை ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். உங்கள் முறைக்கு முன் நீண்ட பயிற்சி வேண்டாம், இரண்டு மூன்று ஹீல், கொஞ்சம் விளையாட்டு, சரி. நடுவர் முதலில் மற்றவர்களுக்குச் சொல்லும் நடைவரிசையைக் கவனித்துவைத்தால், உங்கள் முறை வரும்போது திருப்பங்கள் திகைப்பாக இருக்காது.

முடிந்ததும் மதிப்பெண் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாமல், எந்த வரியில் எவ்வளவு போனது என்று பாருங்கள். உட்காருவதில் அரை அரையாகப் போயிருந்தால் பேசினை மறுபடி எடுங்கள். கூப்பிட்டு வராமல் போயிருந்தால் ஒரு வாரம் கூடத்துக்குள்ளேயே ஆறாம் படி. நடுவருக்கு நேரமிருந்தால் நேரே போய்க் கேட்கலாம், ஆனால் வாதாடப் போகாதீர்கள்.