பின்பக்கம் தலைகீழாகத் தொங்கும் பறவை: பழைய பாணிப் பிரிண்ட் துணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தைக்கத் தொடங்குபவர்களுக்குப் பழைய பாணிப் பிரிண்ட் துணிகள் மேல் தனி ஆசை. மங்கிய ரோஜா, கிளையில் உட்கார்ந்த பறவை, வெளிர் நீலத்தில் பூக்கொடி என்று ஒரே தொகுப்பில் வரும் துணிகளை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். அப்புறம், நான் பழகிய காலத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் தைப்பது, குண்டூசி மேல் மெஷினை ஓட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. நாலு ஊசி உடைந்தால் அவை தானாகச் சரியாகிவிடும். துணியே வீணாகிப் போகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிரிண்டின் திசையைப் பார்க்காமல் வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. என்னிடம் தையல் பழக வந்த ஒருவர் பறவைப் பிரிண்டில் பை தைத்தார். அடியில் தையல் வராமல் இருக்கட்டும் என்று துணியை மடித்து ஒரே துண்டாக வெட்டிவிட்டார். லைனிங், ஜிப், கைப்பிடி எல்லாம் கச்சிதம். பையை நிமிர்த்தி வைத்தால் முன்பக்கத்தில் பறவை கிளையில் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கத்தில் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகிறது.

அடியில் மடிப்பு விழும் எந்தத் துண்டிலும் இது நடந்தே தீரும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக வெட்டி, அடியில் ஒரு தையல் போடுவதுதான் வழி. அந்தத் தையலுக்காக இரண்டு துண்டிலும் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். அவரிடம் மிச்சத் துணி அதற்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் வாங்கலாம் என்று தேடினால் அந்தத் தொகுப்பே விற்றுத் தீர்ந்திருந்தது. இந்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஒரு அளவோடு அச்சடித்து நிறுத்தப்படுபவை. ‘போதாவிட்டால் பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்ற நினைப்பு இங்கே உதவாது.

பழைய பாணி என்றாலே எல்லாம் இப்படி என்றும் இல்லை. 1930-களில் அமெரிக்க வீடுகளில் மாவு, தீவனச் சாக்குகளைப் பிரித்து உடை தைத்தார்கள். 100 பவுண்டு தீவனச் சாக்கில் ஏறத்தாழ ஒரு கெஜம் துணிதான் கிடைக்கும். அந்தப் பாணியைப் பின்பற்றி வரும் பிரிண்டுகளில் சின்னப் பூக்கள் எல்லாத் திசையிலும் இறைந்து கிடப்பதே அதிகம். எப்படித் திருப்பி வெட்டினாலும் கெடாது. புதியவர்கள் அதில் தொடங்கினால் எனக்கும் நிம்மதி. பிரான்சின் ஜூயி ஊர்த் துணிகளின் பாணி நேர் எதிர். 1760-இல் ஓபர்காம்ஃப் என்பவர் அங்கே துணி அச்சிடும் தொழிற்சாலை தொடங்கினார். 1770 வாக்கில் மரஅச்சோடு செப்புத் தகடும் சேர்ந்தது. தகடு பெரியது என்பதால் மேய்ப்பன், மரம், பாலம் என்று ஒரு முழுக் காட்சியையே அச்சடிக்க முடிந்தது. மரத்துக்கு மேல் எது, கீழ் எது என்று சொல்லவே வேண்டாம்.

ஃபேட் குவார்ட்டரில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. அரை கெஜத் துணியை அகலத்தில் பாதியாக வெட்டியது அது. ஏறத்தாழ 18-க்கு 22 அங்குலம். துணிக்கரை, அதாவது நெய்யும்போதே பிரியாமல் முடிந்து வரும் ஓரம், ஓடுவது 18 அங்குலப் பக்கத்தில். பறவையோ பெரும்பாலும் கரைக்கு இணையாகத்தான் நிமிர்ந்து நிற்கும். ஆக, உயரத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது 18 அங்குலம் மட்டுமே. 20 அங்குல உயரம், 15 அங்குல அகலம் வேண்டுமென்றால் காகிதத்தில் கணக்கு சரியாக வரும். வெட்டினால் பறவை படுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஒரே உருவம் திரும்ப வரும் இடைவெளி. இரண்டு குஷன் உறைக்கு 17 அங்குலத் துண்டு இரண்டு வேண்டும். இரண்டின் நடுவிலும் அதே பறவை இருக்க வேண்டும். நீளவாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டினால் 34 அங்குலம் போதும் என்றுதான் தோன்றும். பறவை 12 அங்குலத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால், இரண்டாவது துண்டு 24-ஆவது அங்குலத்தில்தான் தொடங்க முடியும். 41 அங்குலம் தேவை. நடுவில் நிற்கும் 7 அங்குலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பட்டைக்கும் சிறு பாக்கெட்டுக்கும் ஆகும்.

வெட்டுவதற்கு முன் துணியின் பின்புறம் முழுக்க சாக்கால் மேல்நோக்கி அம்புக்குறி போட்டுவிடுங்கள். காகித மாதிரியிலும் அதே அம்பு. துண்டுகள் பிரிந்த பிறகு எது மேல் என்று தேடுவது எவ்வளவு எரிச்சல் என்று ஒருமுறை பட்டால் தெரியும், படாமலே தெரிந்துகொள்ளலாம்.

எல்லாம் ஒரே அடர்த்தி

ஒரு தொகுப்பில் வரும் துணிகள் ஒன்றோடொன்று பொருந்தத்தான் செய்யும். பழைய பாணியில் அந்தப் பொருத்தமே சிக்கல். மங்கிய இளஞ்சிவப்பு, மங்கிய பச்சை, மங்கிய நீலம் என்று நிறம் வேறாக இருந்தாலும் அடர்த்தி, அதாவது நிறம் எவ்வளவு அடர், எவ்வளவு வெளிர் என்பது, ஒன்றுதான். துண்டு துண்டாக வெட்டிக் கஷ்டப்பட்டு இணைத்த நட்சத்திர வடிவம் நாலடி தள்ளி நின்றால் கரைந்துவிடும். துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோனில் கருப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தொகுப்புக்கு வெளியே இருந்து அடர் நிறத்தில் ஒரு பிளெயின் துணியையும் மிக வெளிர்ந்த ஒன்றையும் சேருங்கள்.

உப்பையும் வினிகரையும் நம்புவது

க்ரீம் துணி பக்கத்தில் அடர் சிவப்பு வந்தால் சாயம் இறங்குமோ என்று பயம் வருவது நியாயம். ஆனால் ஆலையில் சாயம் ஏற்றி முடித்த பருத்தியில் உப்புத் தண்ணீரோ வினிகரோ சாயத்தைப் பிடித்துவைக்காது. ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். தைத்து முடித்த பிறகு சாயம் இறங்கினால் காயவிடவும் கூடாது, இஸ்திரி போடவும் கூடாது. உடனே நிறையத் தண்ணீரில் சோப்புத்தூளோடு ஊறப்போடுங்கள்.

அளவாக வெட்டி விற்கும் துண்டுகளைத் துவைப்பது

வேண்டாம். 5 அங்குலச் சதுரத்தின் ஓரம் பிரிந்து, அளவும் சுருங்கும்.

பளீர் வெள்ளை லேஸ்

இந்தத் துணிகளின் பின்னணி பெரும்பாலும் க்ரீம். பளீர் வெள்ளை லேஸ் வைத்தால் பிரிண்ட் அழுக்காகத் தெரியும். நூலும் க்ரீமாகவே இருக்கட்டும்.

கரையை வெட்டி எறிவது

தொகுப்பின் பெயரும், பிரிண்டில் உள்ள நிறங்களைக் காட்டும் வண்ணப் புள்ளிகளும் அதில்தான் இருக்கும். மிச்சத் துணியோடு பின் குத்தி வையுங்கள். அதே துணியைத் தேடவோ, நிறம் பொருந்த வேறொன்று வாங்கவோ அந்தத் துண்டைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.