ஆத்தங்கரையில எள்ளுத்தண்ணி குடுக்கிறதுக்கு முன்னால இலங்கை மலையகத்துல நாம செய்ய வேண்டிய ஏற்பாடு

அப்பா தவறி மூணாவது வருஷம், ஆடி அமாவாசைக்கு கம்பளைக்கு கிட்ட மகாவலி கரையில நானும் தம்பியும் ஈரத்துண்டோட உக்காந்திருக்கோம், குருக்கள் ஐயா தர்ப்பைய தட்டுல வச்சிட்டு "மூணு தலமுறை பேரு சொல்லுங்க தம்பி"ன்னாரு. அப்பா பேர சொல்லியாச்சு, தாத்தா பேரயும் சொல்லியாச்சு, அடுத்தது தாத்தாவோட அப்பா, பூட்டன். நான் தம்பிய பாக்குறேன், தம்பி என்ன பாக்குறான். ஐயா நல்ல மனுஷன், "தெரியலன்னா பரவாயில்ல, மனசுல நினைச்சுக்குங்க"ன்னு சொல்லி மேல நடத்திட்டாரு, ஆனா அந்தத் தண்ணி கையில இருந்து எறங்கினப்ப எனக்கு அழுகை வந்திருச்சு. எள்ளு வாங்கினோம், வேட்டி வாங்கினோம், வேன் பிடிச்சோம், பேர மட்டும் தேடாம போயிட்டோம்.

அதனால இத வாசிக்கிற ஆளுங்க பேருல இருந்து தொடங்குங்க, கடைக்கு போறதெல்லாம் அப்புறம். அப்பா வழியில அப்பா, தாத்தா, பூட்டன், அம்மா வழியிலயும் அதே மாதிரி தாத்தா, அவரோட அப்பா, அவருக்கும் அப்பான்னு மூணு பேரு, கூடவே அவங்கவங்க சம்சாரங்க பேரு. இதுல பொம்பளைங்க பேருதான் முதல்ல மறந்து போகுது. அப்பாயிய எல்லாரும் அப்பாயின்னே கூப்பிட்டு கடைசியில பேரு என்னன்னே தெரியாம நிக்கிறோம், முப்பது நாப்பது வருஷம் கொழுந்து பறிச்ச மனுஷிக்கு ஒரு கை தண்ணி விடும்போது சொல்ல பேரு இல்லன்னா அது பெரிய கொற.

எங்க தேடுறதுன்னா, முதல்ல வீட்ல இருக்கிற பழைய பிறப்புச் சான்றிதழ எடுங்க. பாட்டனார் இலங்கையில பிறந்திருந்தா அவர் பேரு, பிறந்த வருஷம், இடம்ன்னு ஒரு கட்டம் இருக்கும், பூட்டனாருக்கும் ஒரு கட்டம் இருக்கும். 1948ஆம் வருஷ பிரஜாவுரிமை சட்டத்துல அப்பா இங்க பிறந்திருக்கணும், இல்லன்னா பாட்டனும் பூட்டனும் ரெண்டு பேருமே இங்க பிறந்திருக்கணும்ன்னு கேட்டாங்க, அத காட்ட கடுதாசி இல்லாம லட்சக்கணக்குல நம்ம சனம் நாடில்லாம நின்னிச்சு. அன்னைக்கு சர்க்கார் கேட்டதும் அதே மூணு தலமுறை, இன்னைக்கு ஐயா கேக்குறதும் அதே மூணு தலமுறை. என் சர்டிபிகேட்ட எடுத்துப் பாத்தா பூட்டன் கட்டத்துல ஒரு கோடு மட்டும் இழுத்திருந்திச்சு, ஏன்னா அவரு பிறந்தது இந்தியாவுல. அப்பிடி கோடு இருந்தா சோர்ந்து போகாதீங்க, பிரஜாவுரிமை பத்திரம், பழைய பாஸ்போட், கல்யாணப் பதிவு எல்லாத்தயும் ஒருக்கா பிரிச்சுப் பாருங்க.

அடுத்தது சொந்தக்காரங்க. நாடில்லாம நின்ன நம்ம சனத்த இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்டுக்கிட்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு பிறகு குடும்பம் குடும்பமா இந்தியாவுக்கு போனாங்கதானே, கூடலூர், கோத்தகிரி பக்கம் நெறய வீட்ல நம்ம தாத்தாவோட கூடப்பிறந்தவங்க பிள்ளைங்க இருக்காங்க. எனக்கு பூட்டன் பேரு கிடைச்சது கோத்தகிரியில இருக்கிற ஒரு அத்தைகிட்ட இருந்துதான், வாட்ஸப்புல வாய்ஸ் அனுப்பினாங்க, கேட்டா அது எங்க பெரியப்பா பேரு! அப்பதான் ஒறச்சிச்சு, நம்ம வழக்கத்துல மூத்த பையனுக்கு தாத்தா பேர வைக்கிறது உண்டுதானே, அப்ப உங்க அப்பாவோட மூத்த அண்ணன் பேரு பெரும்பாலும் உங்க பூட்டன் பேராத்தான் இருக்கும். அத வச்சு பெரியவங்ககிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கலாம். கெடச்சதும் ஒரு கொப்பியில எழுதி வைங்க, போன்ல மட்டும் வச்சா போன் போனா பேரும் போச்சு. கோத்திரம் தெரியலன்னா கவலைப்படாதீங்க, ஐயாகிட்ட தெரியாதுன்னு சொன்னா சிவகோத்திரம்ன்னு சொல்லி நடத்துவாங்க.

நாள் பாக்கிறது. திதி வேற அமாவாசை வேற, இத நெறய பேரு கொழப்பிக்கிறாங்க. திதி குடுக்கிறதுன்னா செத்த தேதியில குடுக்கிறது இல்ல, அவங்க உயிர் போன நேரத்துல எந்தத் தமிழ் மாசம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி நடந்திச்சுன்னு அந்த வருஷத்து பஞ்சாங்கத்துல பாத்து, அடுத்தடுத்த வருஷம் அதே மாசம் அதே திதியில குடுக்கிறது. மரணச் சான்றிதழயும் செத்த நேரத்தயும் கோயில்ல குடுத்தா கணக்கு பண்ணி சொல்லிருவாங்க. வாக்கியம் திருக்கணிதம்ன்னு ரெண்டு பஞ்சாங்கம் இருக்கு, சில நேரம் ஒரு நாள் முன்ன பின்ன வரும், உங்க ஐயா எத பாக்குறாரோ அதையே வருஷா வருஷம் பிடிச்சுக்குங்க. செத்த நாளே தெரியாது, "தீபாவளிக்கு முந்தின கிழமை"ன்னுதான் ஞாபகம்ன்னா ஆடி அமாவாசையோ புரட்டாசி மகாளய அமாவாசையோ போதும், அது எல்லா பிதிருக்கும் பொதுவான நாள். 2026ல ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12 புதன், மகாளய அமாவாசை ஒக்டோபர் 10 சனி. நம்ம நாட்டுல அப்பாவுக்கு ஆடி அமாவாசை, அம்மாவுக்கு சித்திரா பௌர்ணமின்னு ஒரு வழக்கம் இருக்கு, பௌர்ணமி போயா லீவு நாள், பிரச்சின இல்ல, ஆனா ஆடி அமாவாசை லீவு கிடையாது, தோட்டத்துல வேலை செய்றவங்களுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போயிரும். அதனால கணக்கப்பிள்ளைகிட்டயோ தோட்டத்து ஆபீஸ் ஐயாமார்கிட்டயோ முன்கூட்டியே சொல்லி வைங்க, புதன்கிழமை முடியவே முடியாதுன்னா மகாளயத்த எடுங்க, அது சனிக்கிழமை வருது, அதுல ஒரு கொறையும் இல்ல.

அப்பா உசிரோட இருக்கிறவங்க அமாவாசை தர்ப்பணம் செய்றது வழக்கமில்ல. தவறி ஒரு வருஷம் முடியாத வீட்லயும் தலைத்திவசம் முடிஞ்ச பிறகுதான் தொடங்குவாங்க, இது குடும்பத்துக்கு குடும்பம் மாறும், பெரியவங்களயும் ஐயாவயும் கேட்டுக்குங்க. நம்ம தோட்டத்துல புதைக்கிறதுதான் அதிகம், அதனால "சாம்பல் கரைக்கலயே, ஆத்துல குடுக்கலாமா"ன்னு கேக்குறாங்க, தாராளமா குடுக்கலாம், ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஆம்பளப்பிள்ள இல்லாத வீட்ல பேரப்பிள்ள, அதாவது மகளோட மகன் செய்யலாம். மகளே செய்ய விரும்பினா சில ஐயாமாரு நடத்துவாங்க, சிலரு மாட்டாங்க, கரைக்கு போய் நின்னு வாக்குவாதப்படாம முதல்லயே கேட்டு வைங்க. பெத்த பிள்ள குடுக்கிற தண்ணி போய்ச் சேரும்ங்கிறதுதான் என் நம்பிக்கை.

ஐயாவ ரெண்டு மூணு கிழமைக்கு முன்னாலயே சொல்லி வைக்கணும். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி எல்லாரும் தர்ப்பணம் செய்து வைக்க மாட்டாங்க, டவுன் கோயில் குருக்கள்தான் வரணும், அமாவாசை அன்னைக்கு அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. தட்சணை எவ்வளவு, சாமான் அவரு கொண்டு வருவாரா நாம வாங்கணுமா, எத்தன மணிக்கு கரைக்கு வருவாரு, இந்த மூணையும் பேசிருங்க. வாய்விட்டு கேக்க கூச்சப்பட்டு கடைசியில கரையில மொகம் சுழிக்கிறத நான் பாத்திருக்கேன், ரெண்டு பக்கமும் சங்கடம்.

எந்த ஆறுன்னு கேட்டா ஓடுற தண்ணி வேணும், அதுதான் முக்கியம். கொட்டகலை, தலவாக்கலை பக்கத்து தண்ணியெல்லாம் கொத்மலை ஓயா வழியா மகாவலியில சேந்து கம்பளை, பேராதனை, கண்டின்னு சுத்தி 335 கிலோமீட்டர் ஓடி திருகோணமலை கொட்டியார் குடாவுல விழுது, கோணேசர் காலடிக்கு போற தண்ணின்னு எங்க அம்மா சொல்லும். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து தண்ணி களனி கங்கையில சேந்து கொழும்பு முகத்துவாரத்துல கடலுக்கு போகுது. நுவரெலியாக்காரங்களுக்கு சீத்தா எலிய சீதையம்மன் கோயில் பக்கத்து ஆறு, பதுளை பண்டாரவளை ஆளுங்க கதிர்காமம் மாணிக்க கங்கைக்கு போறதும் உண்டு. கீரிமலை, பாலாவி, ராமேஸ்வரம் எல்லாம் பெரிய புண்ணியம்தான், ஆனா கடன் வாங்கி வேன் பிடிச்சு போகணும்ன்னு ஒண்ணும் இல்ல. முழங்கால் ஏலாத ஒரு பெரியவர் எங்க லயத்து (தோட்டத்து வரிசை வீடு) தண்ணிப் பீலிக்கு கீழ தண்ணி ஓடுற இடத்துல கதிரை போட்டு உக்காந்துதான் வருஷா வருஷம் குடுத்தாரு, ஐயாவே வந்து நடத்தி வச்சாரு.

இப்ப சொல்றத தயவு செய்து கவனமா கேளுங்க. ஆடி மாசம் நமக்கு தென்மேல் பருவமழை காலம். இந்தியாவுல ஆடி அமாவாசைக்கு ஆத்துல முங்குறத வீடியோவுல பாத்துட்டு இங்க எறங்காதீங்க. நீங்க நிக்கிற எடத்துல மழையே இல்லாம இருக்கும், மேல பெஞ்சு மேல்கொத்மலை அணையில கதவு திறந்தா கொஞ்ச நேரத்துல தண்ணி மட்டம் ஏறிரும். சைரன் கேட்டா மந்திரம் பாதியில நின்னாலும் மேல ஏறிருங்க, கரையில மேல உக்காந்து முடிச்சுக்கலாம், பிதிருங்க கோவிச்சுக்க மாட்டாங்க. 2025 நவம்பர் டித்வா புயலுக்கு பிறகு பழைய படிக்கட்டு, கரையெல்லாம் பல எடத்துல அரிச்சு போயிருக்கு, அதனால ரெண்டு நாளைக்கு முன்னால ஒருத்தர் போய் எடத்த பாத்துட்டு வரணும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கான்னும் பாருங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிச்சா சொல்லுவாங்க. சின்னப்பிள்ளைங்கள தண்ணிக்குள்ள விடாதீங்க, வயசானவங்க குளிருல முங்க வேணாம், வீட்ல சுடுதண்ணியில குளிச்சிட்டு வந்து தலையில தண்ணி தெளிச்சா போதும். அட்டைக்கு கொஞ்சம் உப்பு கொண்டு போங்க.

சாமான்: கறுப்பு எள்ளு, தர்ப்பை, பச்சையரிசி, வெத்திலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், விபூதி, சந்தனம், பூ, கற்பூரம், ஊதுபத்தி, செம்பு, தாம்பாளம், வாழை இலை, வேட்டியும் துண்டும். திதிக்கு பிண்டம் போடுறதுன்னா பச்சையரிசி மா, தேன், நெய், பால் சேத்துக்குங்க. தர்ப்பை எல்லா எடத்துலயும் கிடைக்காது, ஐயாகிட்டயே சொல்லி வைங்க இல்லன்னா கண்டி, ஹட்டன் பூசைச்சாமான் கடையில முன்னாலயே கேளுங்க. தர்ப்பை கிடைக்கலன்னு மலையில நிக்கிற மானாப்புல்ல அறுத்துட்டு வராதீங்க, அது இது இல்ல.

படையல் மரக்கறியில நமக்கு ஒரு சிக்கல் உண்டு. நம்ம தோட்டத்துல வெளையறது கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா, அது எதுவும் பிதிர் சமையலுக்கு சேக்க மாட்டாங்க, வாழைக்காய், பூசணிக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய் மாதிரி நாட்டு மரக்கறிதான். ஞாயித்துக்கிழமை பொலையில (சந்தையில) வாழைக்காயும் பூசணியும் வாங்கி வச்சா நாலஞ்சு நாள் கெடாது, பாகற்காய மட்டும் முதல் நாள் வாங்குங்க. வெங்காயம், வெள்ளைப்பூடு இல்லாம, பருப்பு, வடை, பாயாசம். அவங்களுக்கு பிடிச்சது ஒண்ணு கட்டாயம் வைங்க, எங்க அப்பாவுக்கு நாங்க வெறும் சாயத்தண்ணியும் (பாலில்லாத தேத்தண்ணி) கருப்பட்டித் துண்டும் வைக்கிறது.

அன்னைக்கு காலையில சாப்பிடாம போகணும், சீனி வருத்தக்காரங்க குளுசை போடுறவங்க ஐயாகிட்ட சொல்லிட்டு ஏதாவது குடிச்சிட்டு போங்க. கரையில வலது கை மோதிர விரல்ல தர்ப்பை பவித்திரம் போட்டு விடுவாங்க, முதல்ல கிழக்கு பாத்து சங்கல்பம், பிறகு தெக்கு பாத்து உக்காந்து துண்ட வலது தோளுக்கு மாத்தணும். எள்ள கையில எடுத்து தண்ணிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவால சரிச்சு விடணும், சாமிக்கு விடுற மாதிரி விரல் நுனியால விடக்கூடாது. ஒவ்வொரு பேருக்கும் மூணு தடவ. பேரு எழுதின தாள தம்பிகிட்டயோ தங்கச்சிகிட்டயோ குடுத்து பக்கத்துல நிக்க வச்சு வாசிக்க சொல்லுங்க, ஈரக்கையால தாள பிடிக்க ஏலாது, அழுகை வந்தா பேரும் வாயில வராது. பொலித்தீன் பை, ஊதுபத்தி பெட்டி, பழைய துணி எதையும் ஆத்துல விடாதீங்க, கீழ இருக்கிறவங்க குடிக்கிற தண்ணி அது.

எல்லா பேரும் முடிஞ்ச பிறகு கடைசியா ஒரு கை தண்ணி இருக்கு. அம்மா, அப்பா, சொந்தம், கோத்திரம்ன்னு யாருமே இல்லாதவங்க இந்தத் தண்ணியால திருப்தி அடையட்டும்ங்கிறது அந்த மந்திரத்தோட அர்த்தம். 1820கள்ல இருந்து கோப்பித் தோட்டத்துக்கு மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு காட்டு வழியா நடந்து வந்த சனத்துல எத்தனயோ பேரு காய்ச்சல்லயும் பேதியிலயும் பாதையிலயே போயிட்டாங்க, அந்த வழியத்தான் 2023ல தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆளுங்க திரும்ப நடந்தாங்க. அவங்க பேரு எந்த சர்டிபிகேட்லயும் இல்ல, எந்த அத்தைக்கும் தெரியாது. ஐயா அவசரத்துல இந்தக் கைய விட்டுட்டாருன்னா "சாமி, கடைசித் தண்ணி"ன்னு நீங்களே கேளுங்க. செம்புல அதுக்கு கொஞ்சம் தண்ணியும் தட்டுல கொஞ்சம் எள்ளும் மிச்சம் வச்சிருங்க, அத விட்டுட்டு பவித்திரத்த கழட்டி முடிச்ச அவுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வாங்க, காக்காவுக்கு வச்சிட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க.