சிடிஎல் பெர்மிட் தேர்வு: எண் தெரிந்தும் மதிப்பெண் போகும் இடங்கள்

அமெரிக்காவில் டிரெய்லர் லாரி ஓட்ட 'ஏ' வகுப்பு சிடிஎல் (வணிக வாகன ஓட்டுநர் உரிமம்) வேண்டும். அதற்கு முந்தைய படி சிஎல்பி என்ற பழகுநர் உரிமம், பேச்சுவழக்கில் பெர்மிட். இதற்கு ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. மாநில வாகனத் துறை அலுவலகத்தில் எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது ஒரே தேர்வு என்று நினைத்துப் போவதுதான் முதல் தவறு. 'ஏ' வகுப்புக்கு ஜெனரல் நாலெட்ஜ், ஏர் பிரேக், காம்பினேஷன் (டிரெய்லர் பூட்டிய வண்டி) என்று மூன்று தேர்வுகள். பெரும்பாலான மாநிலங்களில் முறையே 50, 25, 20 கேள்விகள் வரும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 80 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் கூடுதலாக எடுத்தது இன்னொன்றைக் காப்பாற்றாது. காம்பினேஷனில் நான்கு தவறு வரை பிழைக்கலாம், ஐந்தாவது தவறில் தேர்வு போய்விடும். படிக்கும் நேரத்தில் பெரும்பங்கை ஜெனரல் நாலெட்ஜுக்குக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் முந்தின நாள் இரவு புரட்டுபவர்கள் அந்த ஐந்தாவது தவறில்தான் விழுகிறார்கள்.

ஏர் பிரேக் கடினம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அதை எழுதாமல் விட்டால் லைசென்ஸில் 'எல்' என்ற கட்டுப்பாடு விழும். ஏர் பிரேக் உள்ள எந்த கமர்ஷியல் வண்டியையும் ஓட்ட முடியாது. நெடுந்தூர டிரெய்லர் லாரிகள் எல்லாமே ஏர் பிரேக்கில்தான் ஓடுகின்றன. அது இல்லாத சிடிஎல்லை வைத்துக்கொண்டு அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அடுத்தது, எதைப் படிப்பது என்பதில் நடக்கும் தவறு. மாநிலத்தின் சிடிஎல் கையேடு வாகனத் துறை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கேள்விகள் அதிலிருந்துதான் வருகின்றன. ஆனால் பலர் கைபேசிச் செயலியிலோ, நண்பர் கொடுத்த பழைய நகலிலோ படித்துவிட்டுப் போகிறார்கள். கையேட்டில் சில எண்கள் மாறியிருக்கின்றன. காற்றழுத்தம் குறையும்போது வரும் எச்சரிக்கை 60 பிஎஸ்ஐக்குக் (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அலகு) கீழே இறங்கும் முன் வர வேண்டும் என்றது பழைய பதிப்பு. இப்போதைய கையேடுகளில் அது 55. மணிக்கு 55 மைல் வேகத்தில் லாரி நிற்க ஆகும் தூரம் பழைய பதிப்பில் சுமார் 300 அடி. இப்போது 419 அடி. தேர்வில் பழைய எண்ணும் ஒரு விடையாக எதிரே நிற்கலாம். அதை மட்டுமே படித்தவர் துளியும் சந்தேகமில்லாமல் அதைத் தொட்டுவிட்டு வருவார்.

இனிதான் முக்கியமான விஷயம். எண்களை மனப்பாடம் செய்கிறார்கள்; அந்த எண் எந்த நிலைமைக்கு உரியது என்பதை விட்டுவிடுகிறார்கள். இந்தத் தேர்வில் தவறான விடைகளாக வரும் எண்கள் பல நேரம் கற்பனை எண்கள் அல்ல. அதே கையேட்டில் பக்கத்துப் பத்தியில் இருக்கும் உண்மையான எண்கள். அதனால்தான் 'எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே' என்ற நினைப்பு இங்கே கைகொடுக்காது.

நிற்கும் தூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 419 அடி என்பது மூன்று பகுதிகளின் கூட்டு: ஆபத்தைக் கண் பார்த்து மூளை உணர 142 அடி, கால் பிரேக்குக்குப் போக 61 அடி, பிரேக் பிடித்து வண்டி நிற்க 216 அடி. ஏர் பிரேக் தேர்வில் நான்காவதாக ஒரு பகுதி சேர்கிறது. காற்று குழாய் வழியே பிரேக்கைப் போய்ச் சேர அரை வினாடியாவது ஆகும். அதற்காகக் கையேடு சுமார் 32 அடியைச் சேர்க்கிறது. ஆக மொத்தம் 450 அடிக்கு மேல். இரண்டு விடையும் சரியே, எந்தத் தேர்வில் கேட்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. கூட்டலாகப் புரிந்துகொண்டவருக்குக் குழப்பமே வராது.

ஏர் பிரேக் எண்களுக்கு ஒரு நல்ல வழி, டேஷ்போர்டில் இருக்கும் காற்றழுத்த ஊசி மேலிருந்து கீழே இறங்குவதாக மனதில் ஓட்டிப் பார்ப்பது. சுமார் 125 பிஎஸ்ஐயில் கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி, காற்றடிக்கும் கம்ப்ரசரை நிறுத்துகிறது. பிரேக்கை மிதிக்க மிதிக்கக் காற்று செலவாகி, சுமார் 100க்கு வந்ததும் கம்ப்ரசர் மறுபடி காற்றடிக்கத் தொடங்குகிறது. அது நடக்காமல் ஊசி மேலும் இறங்கினால் 55க்குக் கீழே போகும் முன் எச்சரிக்கை வர வேண்டும். இன்னும் இறங்கி 20க்கும் 45க்கும் இடையே வரும்போது பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் குமிழும் டிரெய்லரின் சிவப்புக் குமிழும் தாமாக வெளியே தள்ளிக்கொள்ளும். காரணம் எளிது: பார்க்கிங் பிரேக், அதாவது ஸ்பிரிங் பிரேக், ஸ்பிரிங்கின் விசையால் பிடிப்பது; அந்த ஸ்பிரிங்கைப் பின்னுக்கு அழுத்தி வைத்திருப்பதே காற்றுதான். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். இந்த ஒரு வரி புரிந்தால் ஸ்பிரிங் பிரேக் பற்றிய கேள்விகளில் பாதிக்குத் தனியாகப் படிக்கவே வேண்டாம்.

காற்றுக் கசிவுச் சோதனையில் நான்கு எண்கள் வரும். அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுவே. காற்று முழுதாக ஏறியதும் இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். தனி வண்டியில் இழப்பு 2 பிஎஸ்ஐக்குள், டிரெய்லர் பூட்டிய வண்டியில் 3க்குள் இருக்க வேண்டும். பிறகு பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தியதும் ஊசி சட்டென்று இறங்கும்; அந்த முதல் இறக்கம் கணக்கில் வராது. அதற்குப் பின் ஒரு நிமிடத்தில் தனி வண்டிக்கு 3, டிரெய்லர் வண்டிக்கு 4 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. 2, 3, பிறகு 3, 4. '3' இரண்டு இடத்தில் வருகிறது. கேள்வியில் பெடல் அழுத்தியிருக்கிறதா, வண்டி தனியா கூட்டா என்ற இரண்டையும் பார்க்காமல் விடையைத் தொடாதீர்கள்.

இதே வகைப் பொறி ஜெனரல் நாலெட்ஜிலும் உண்டு. முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி? வண்டி நீளத்தில் 10 அடிக்கு ஒரு வினாடி. வேகம் 40 மைலுக்கு மேல் என்றால் இன்னும் ஒரு வினாடி. 60 அடி லாரி 50 மைல் வேகத்தில் போனால் 7 வினாடி. அந்தக் கடைசி ஒன்றைக் கூட்ட மறந்தவர்களுக்காக 6 என்ற விடையும் காத்திருக்கும். டயர் பள்ளம் முன் சக்கரத்துக்கு ஓர் அங்குலத்தில் 32ல் 4 பங்கு, மற்றவற்றுக்கு 2 பங்கு. வண்டி பழுதாகி ஓரத்தில் நின்றால் முக்கோண எச்சரிக்கைப் பலகைகளைப் 10 நிமிடத்துக்குள் வைக்க வேண்டும். ஒருவழிச் சாலையிலோ நடுவில் பிரிப்பு உள்ள சாலையிலோ மூன்றும் பின்பக்கம்: 10, 100, 200 அடி. இருவழிச் சாலை என்றால் வண்டியருகே 10 அடிக்குள் ஒன்று, பின்னால் 100 அடியில் ஒன்று, முன்னால் 100 அடியில் ஒன்று.

ஊரில் ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டியவர்கள் சறுக்கும் இடம் வேறு. கையில் இருக்கும் அனுபவத்தை வைத்து விடை சொல்லிவிடுவார்கள். காலி லாரி சீக்கிரம் நிற்கும் என்றுதான் தோன்றும். கையேடு நேர்மாறாகச் சொல்கிறது. பிரேக்கும் ஸ்பிரிங்கும் முழுச் சுமைக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. காலி வண்டியில் சக்கரத்துக்குச் சாலைப்பிடி குறைவு. சக்கரம் துள்ளும், பூட்டிக்கொள்ளும். டிரெய்லர் இல்லாத வெறும் டிராக்டரும் (டிரெய்லரை இழுக்கும் முன்பகுதி லாரி) அப்படித்தான். டயர் வெடித்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கைத் தொடாமல் வேகம் குறைய விடுவதே சரியான விடை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இலேசாக அழுத்தியபடியே இறங்குவதும் தவறு. பாதுகாப்பான வேகம் 40 மைல் என்றால், 40ஐத் தொட்டதும் அழுத்தி 35க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட வேண்டும். மறுபடி 40 வரும்போது மறுபடி அழுத்த வேண்டும். இதெல்லாம் லோ கியர் ஏற்கெனவே போட்டிருக்கும்போது. டிரெய்லருக்கு மட்டும் பிரேக் பிடிக்கும் கைவால்வைப் பார்க்கிங்குக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு எப்போதும் 'கூடாது' என்பதே விடை. காற்று கசிந்து தீர்ந்தால், ஸ்பிரிங் பிரேக் இல்லாத டிரெய்லரில் பிடி விட்டுப்போகும்.

கையேட்டைத் தமிழில் விளக்கிக் கேட்டுப் புரிந்துகொள்வது நல்லதே. ஆனால் உறுப்புகளின் பெயரை ஆங்கிலத்திலேயே பழகுங்கள். ஃபிஃப்த் வீல், கிங்பின், கிளாட் ஹேண்ட், ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று படம் பார்த்துப் பெயர் சொல்லப் பழகினால், பிற்பாடு வண்டியைச் சுற்றிவந்து ஆங்கிலத்தில் விளக்கும் நேரடிச் சோதனைக்கும் அதுவே உதவும். கேள்வியில் 'நாட்', 'எக்செப்ட்' என்ற சொற்கள் வந்தால் ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.

தாள்கள் சரியில்லாததால் திரும்பி வருபவர்களும் உண்டு. மருத்துவப் பரிசோதனையைத் தேசியப் பதிவேட்டில் உள்ள பரிசோதகரிடம்தான் செய்ய வேண்டும், வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரின் கடிதம் செல்லாது. ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டினால் இரண்டு ஆண்டுக்கான சான்று கிடைக்காது, குறைந்த காலத்துக்கே தருவார்கள். அதனால் பரிசோதனையைத் தேர்வுக்கு முந்தின நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். 21 வயது ஆகாதவர் மாநில எல்லைக்குள் மட்டும் ஓட்டும் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெர்மிட் கைக்கு வந்த மறுநாளே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது. 14 நாள் காத்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சி நிலையத்தில் பாடமும் ஓட்டுப் பயிற்சியும் முடித்திருப்பதும் கட்டாயம். பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் அந்த நிலையத்தின் பெயரைப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். பதிவில் இல்லாத இடத்தில் எத்தனை வாரம் படித்தாலும் ஓட்டுநர் தேர்வுக்கு அது கணக்கில் வராது.