லினக்ஸ் கணினிக்கு விளையாட்டு வாங்கும் முன்

கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில்தான் நடக்கிறது என்பதால், பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பழகிய ஒன்றே. விளையாட்டை எந்தக் கடையில் வாங்குவது என்பதில்தான் கவனம் தேவை. ஸ்டீம் என்னும் இணையக் கடை 2013 முதல் லினக்ஸுக்கெனத் தனிச் செயலி தருவதோடு, 2018இல் வந்த புரோட்டான் என்னும் மென்பொருள் வழியாக, விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் பலவற்றையும் இயக்குகிறது. எபிக் கடைக்கு லினக்ஸ் செயலி இல்லை. ஹீரோயிக் என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அங்கு வாங்கியவற்றை நிறுவலாம் என்றாலும், பிள்ளைகள் முதலில் கேட்கும் ஃபோர்ட்நைட் அதிலும் ஓடாது. இணைப்பு அடிக்கடி அறுபடும் வீடுகளுக்கு, நிறுவல் கோப்பையே இறக்கி வைத்துக்கொள்ள விடும் ஜிஓஜி என்னும் கடை மேலானது என்பது என் கருத்து. புரோட்டான்டிபி தளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடி, அது லினக்ஸில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். ஸ்டீமில் வாங்கியது சரிவராவிட்டால், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்கும் நிலையில், 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.